ஆறுதலாக ஓடும் சைக்கிள்: கொழும்பில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சேறு படிந்த சைக்கிளோடு வெள்ளவத்தை அடுக்குமாடி ஒன்றின் லிஃப்டுக்குள் ஏறிப் பாருங்கள். ஏழாம் மாடி வருவதற்குள் இரண்டு கேள்வியாவது வந்துவிடும். 2022இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டபோது வேறு வழியில்லாமல் சைக்கிள் எடுத்தவர்கள் நாங்கள் ஆறு பேர். வரிசை போய்விட்டது, சைக்கிள் மட்டும் வீட்டில் நின்றுவிட்டது. இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு நகரத்துக்கு வெளியே போய், வயல் பார்த்து, தேத்தண்ணி குடித்து, கதைத்துக்கொண்டு திரும்புகிறோம். எண்ணிக்கை பதினொன்று ஆகியிருக்கிறது.

லிஃப்டிலும் கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கீழே போட்டிருக்கிறேன்.

கொழும்புக்குப் பக்கத்தில நாட்டுப்புறம் எண்டு ஒண்டு இருக்கோ? எல்லாம் கட்டடம்தானே?

இருக்கிறது, நீங்கள் நினைப்பதை விடக் கிட்ட. கொழும்பு சதுப்பு நிலத்தின் மேல் எழும்பிய நகரம். 2018இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் முதன்முதலாக ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. காலி வீதியிலேயே பிறந்து வளர்ந்து கடை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

பத்தரமுல்லை தாண்டினால் தலங்கம வயல். பிலியந்தலைப் பக்கம் பொல்கொட ஏரி. வத்தளைக்கு அப்பால் முத்துராஜவெல. பாதுக்கைக்கு அப்பால் இறப்பர்த் தோட்டங்கள். நாலு திசையில் மூன்று திசை நாட்டுப்புறம். நாலாவது கடல்.

என்ன சைக்கிள் வாங்கவேணும்? கியர் இல்லாட்டி சரிவராதோ?

முதல் மூன்று ஓட்டத்துக்கு ஒன்றும் வாங்காதீர்கள். மச்சானுடையதோ பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையதோ இரவல் எடுங்கள். விலை கூடிய சைக்கிளை வாங்கி, பல்கனியில் துணி காயப்போடப் பயன்படுத்துகிற மூன்று வீடு எனக்குத் தெரியும்.

மேல் மாகாணத்தின் கரையோரம் தட்டை நிலம். எங்கள் குழுவில் இருவர் கியர் இல்லாத பழைய லுமாலா சைக்கிளில்தான் வருகிறார்கள். ஊரில் பனங்காய் மூட்டை கட்டி ஓடிய அதே வகை. பாதுக்கைக்கு அப்பால் வாகைப் பக்கம் போனால்தான் ஏற்றம் வரும், அங்கே கியர் உதவும். இறங்கித் தள்ளினாலும் யாரும் சிரிக்கமாட்டார்கள். நானே தள்ளுகிற ஆள்.

பிரேக் இரண்டும் பிடிக்கவேண்டும், டயர் வெடிப்பில்லாமல் இருக்கவேண்டும், சீற் உயரம் சரியாக இருக்கவேண்டும். இந்த மூன்றைத்தான் பார்ப்பேன். சீற்றில் இருந்தபடி குதிக்காலைக் கீழ்ப்பெடலில் வைத்தால் கால் நிமிர்ந்து நிற்கவேண்டும், அதுதான் அளவு. முழங்கால் நோகிறது என்று வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் சீற்றைப் பதித்து வைத்திருப்பவர்கள். சாமான் வாங்கவும் திருத்தவும் புறக்கோட்டை டாம் வீதிக்குப் போங்கள். சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடையில் கேட்ட விலையை அடுத்த கடையிலும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எனக்கு 48 வயசு. சைக்கிள் தொட்டு 25 வருஷம். ஏலுமோ?

ஏலும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய் வந்தவர் என்றால் உடம்பு மறக்கவில்லை. மறந்தது துணிச்சல் மட்டும். எங்கள் குழுவின் மூத்த அக்கா முதல் நாள் விகாரமகாதேவிப் பூங்காப் பக்கம் காலை ஆறு மணிக்கு அரை மணித்தியாலம் சுற்றினார். இரண்டாவது ஞாயிறு பாராளுமன்றம் வரை வந்தார். இப்போது எங்களில் பலரை விட நிதானமாக ஓடுகிறவர் அவர்தான்.

நெஞ்சு நோ, மூச்சு வாங்குதல், பிரஷர் இருந்தால் முதலில் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்புறம், பின்பக்கம் முதல் இரண்டு முறை கட்டாயம் நோகும். மூன்றாவது முறை நோகாது. பெரிய மெத்தை சீற் வாங்கி அதைக் குறைக்கப் பார்க்காதீர்கள், தொடை உரசிப் புதுப் பிரச்சினை வரும்.

எவ்வளவு தூரம், என்ன வேகம்? நான் உங்களோட இழுபடமாட்டன்.

மணித்தியாலத்துக்கு 12 முதல் 15 கிலோமீற்றர். பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் ஒரு முழு வசனம் கதைக்க முடியவேண்டும். முடியாவிட்டால் வேகம் கூட. மொத்தத் தூரம் 25, மிஞ்சினால் 30.

இந்தக் கணக்கு அடிபட்டுப் படித்தது. முதல் ஓட்டத்தில் நான் வரைபடத்தைப் பார்த்து ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று எல்லோரையும் 42 கிலோமீற்றர் இழுத்துக்கொண்டு போனேன். திரும்பும்போது வெயில் பதினொரு மணி. ஒருவர் மாலபேயில் பஸ் தரிப்பிடத்தில் படுத்துவிட்டார். இரண்டு கிழமை எனக்கு ஒருவரும் போன் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு விதி: மெதுவாக ஓடுகிற ஆள் முன்னுக்கு. அவர் போகிற வேகம்தான் எல்லோருடைய வேகம். கடைசியில் ஒருவர் ‘வால்’. பம்ப், பஞ்சர்ச் சாமான், முதலுதவிப் பை எல்லாம் அவரிடம். வாலுக்குப் பின்னால் யாரும் விடுபடக்கூடாது.

ஏன் விடியப்புறம் அஞ்சு மணிக்கு? ஏழு மணிக்கு வெளிக்கிட்டா என்ன?

வெயிலும் வாகனமும். கொழும்பில் சூரியன் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் உதிக்கிறது. ஐந்தேகாலுக்கு வெள்ளவத்தையில் ஏறினால், வெளிச்சம் வரும்போது கோட்டே தாண்டியிருப்போம். அந்த நேரம் பாமன்கடை, கிருலப்பனை, நாவல எல்லாம் வெறிச்சோடிக் கிடக்கும். ஏழு மணிக்குத் தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்தத் தொடங்கிவிடும். அவற்றுக்கு இடையில் சைக்கிள் ஓட எனக்கு விருப்பமில்லை, உங்களுக்கும் வேண்டாம். ஒன்பதரைக்கு ஓட்டம் முடியவேண்டும். அதற்குப் பிறகு வெயிலை விட வேர்வைதான் ஆளைக் கொல்லும். காற்றில் அவ்வளவு ஈரம்.

இருட்டில் புறப்படுவதால் முன்னுக்கு வெள்ளை லைட், பின்னுக்குச் சிவப்பு லைட், வெளிர் நிறச் சேட் கட்டாயம். ஹெல்மெட்டும்தான். சைக்கிள்காரரை அதற்காக யாரும் மறிப்பதில்லை, ஆனால் தார் வீதிக்குத் தலையைத் தெரியாது.

முதல் தரம் எங்க போறது நல்லம்?

தலங்கம குளம், யோசிக்கவே தேவையில்லை. வெள்ளவத்தையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். நாவல வழியாகக் கோட்டே, பிறகு தியவன்னா ஓயாவுக்கு நடுவில் நிற்கிற பாராளுமன்றம். ஜெப்ரி பாவா வடிவமைத்து 1982இல் திறந்த கட்டடம், விடிகாலைப் பனிமூட்டத்தில் தண்ணீரில் மிதப்பது போலத் தெரியும். அங்கிருந்து பெலவத்தை, அக்குரேகொட. ஒரு வளைவில் வீடுகள் முடிந்து திடீரென்று பச்சை திறக்கும்.

குளத்தைச் சுற்றியுள்ள பகுதி 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. குளக்கட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அரை மணித்தியாலம் சும்மா நில்லுங்கள். தாமரை இலை மேல் நடக்கிற நீள்வால் இலைக்கோழி, நீலத் தாழைக்கோழி, இறக்கை விரித்துக் காய்கிற நீர்க்காகம், மதகடியில் அசையாமல் கிடக்கிற கபரகொய்யா என்ற நீருடும்பு. அதிர்ஷ்டம் இருந்தால் மரத்தில் நரைத்த தாடியும் கறுத்த முகமுமாய் ஒரு மந்திக் கூட்டம். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மந்தி அது, இங்கே வீட்டுக் கூரையில் பலாக்கொட்டை போட்டுக்கொண்டிருக்கும்.

வயல் எப்போதும் பச்சையாக இருக்காது. டிசம்பர், ஜனவரியிலும், ஜூன், ஜூலையிலும் போனால் நெல் பச்சையாக நிற்கும். அறுவடைக்குப் பிறகு போய்விட்டு ‘ஒண்டுமில்லையே’ என்று என்னைத் திட்டாதீர்கள்.

தலங்கம பார்த்தாச்சு. கொஞ்சம் பெரிசா ஒண்டு சொல்லுங்கோ.

ஹமில்டன் கால்வாய். எனக்கு மிகவும் பிடித்த பாதை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன்.

களனி கங்கையின் வாய்க்குப் பக்கத்தில், வத்தளை ஹேகித்தையில் தொடங்கி நீர்கொழும்புப் பக்கம் போகிற கால்வாய் இது. ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தார்கள். முத்துராஜவெல சதுப்பில் புகுந்த உப்புத்தண்ணியை வடியவிடுவது நோக்கம். ‘வெல’ என்றால் சிங்களத்தில் வயல். ஒரு காலத்தில் நெல் விளைந்த இடம், உப்பு ஏறிக் கெட்டு, சதுப்பாகவே நின்றுவிட்டது. அது நல்லதாய்ப் போயிற்று என்று சொல்லவேண்டும். 1996இல் அதன் ஒரு பகுதி சரணாலயம் ஆனது. கால்வாய்க் கரையோடு ஓடும்போது ஒரு பக்கம் தண்ணீரும் கட்டி வைத்த வள்ளங்களும், மறுபக்கம் வீட்டு வாசல்களும் மாதா சுரூபக் கூடுகளும். ஏற்றமே இல்லை. உஸ்வெட்டகெய்யாவ, பமுணுகம, பிட்டிபன என்று கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒடுங்கிய நிலத்தில் போய், துவ தாண்டி நீர்கொழும்பில் ஏறலாம். 25 முதல் 30 கிலோமீற்றர், எங்கே புகுந்து எங்கே வெளியே வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து.

ஒரு சூட்சுமம்: மே முதல் செப்டெம்பர் வரை காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். வத்தளையிலிருந்து வடக்கே ஓடினால் அது முதுகில் தள்ளும். ஆகவே போவது சைக்கிளில், வருவது ரயிலிலோ லொறியிலோ. எதிர்த்திசையில் ஒருமுறை வந்தோம். கதை பேச்சு ஒன்றும் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தோம்.

நீர்கொழும்புக் கடற்கரையில் கருவாடு காய்கிற பாய்களுக்குப் பக்கத்தில் முதியவர்களோடு பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மீனவக் குடும்பங்களில் இன்னும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்முடைய தமிழிலிருந்து கொஞ்சம் விலகிய, கேட்கக் கேட்க இனிக்கிற ஒரு தமிழ்.

வத்தளை மட்டும் காலி வீதியாலயும் புறக்கோட்டையாலயும் சைக்கிள்ள போறதோ? பயமா இருக்கு.

பயப்படவேண்டிய இடம்தான். களனி கங்கைப் பாலத்தடி லொறி நெரிசலில் நாங்களும் ஓடுவதில்லை. ஆறேழு பேர் சேர்ந்தால் பட்டா என்கிற சின்ன லொறி ஒன்று பிடித்துச் சைக்கிள்களை ஏற்றி அனுப்பிவிடலாம். பிரித்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு கொத்துரொட்டிக் காசு. சைக்கிள்களுக்கு இடையில் பழைய போர்வை, காட்போட் வையுங்கள், பெயின்ட் உரசாது.

ரயிலில் சைக்கிளைப் பொதியாக ஏற்றலாம், ஆனால் எல்லா ரயிலிலும் அல்ல. முதல்நாளே கோட்டை நிலையத்தில் பொதிகள் பிரிவில் கேட்டுவிட்டுப் போங்கள். ஞாயிறு விடியப் போய்க் கெஞ்சுவது பலிக்காது. அதிவேகப் பாதைகளில் சைக்கிளுக்கு இடமே இல்லை. வரைபடம் அந்த வழியைக் காட்டினாலும் ஏறாதீர்கள்.

மலைநாடு மாதிரி மரமும் நிழலும் உள்ள இடம் வேணும். நுவரெலியா மட்டும் போக ஏலாது.

களனிவெளி ரயில்பாதையோடு போங்கள். தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்கு இறக்க ஆங்கிலேயர் போட்ட ஒடுங்கிய பாதை, 1990களில்தான் அகலமாக்கினார்கள். வளைவுகள் பழையபடியே இருப்பதால் ரயில் இன்றைக்கும் எங்களைப் போலத்தான் போகும். பாதுக்கை வரை லொறியில் சைக்கிளைக் கொண்டுபோய், அங்கிருந்து வாகை வரை சின்ன வீதிகளில் ஓடுங்கள். விடியற்காலையில் இறப்பர்ப்பால் வெட்டுகிறவர்கள் மரத்துக்கு மரம் நகர்வார்கள். குளிர் நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். ஜனவரி கடைசி, பெப்ரவரியில் இறப்பர் இலை சிவந்து உதிரும், வீதியே சருகு மெத்தையாகிவிடும்.

இறப்பர் பற்றி ஒரு கொசுறு: ஆசியாவின் முதல் இறப்பர்க் கன்றுகள் 1876இல் நடப்பட்டது நம்முடைய கம்பஹாவுக்குப் பக்கத்தில், ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில். அதுவும் ஒரு ஞாயிற்றுக்குத் தாங்கும் இடம்.

இந்தப் பாதையில் ரயில் கடவைகள் நிறைய. காவலாளி இல்லாத கடவையில் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, நடந்து கடவுங்கள். தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் டயர் இடுக்கில் விழுந்து ஆளைத் தூக்கி எறியும். நேர்குத்தாகத்தான் கடக்கவேண்டும். எங்கள் குழுவில் ஒரு முழங்கைத் தழும்பு இதற்குச் சாட்சி.

சாப்பாடு கட்டிக்கொண்டு போறதோ, கடையில சாப்பிடுறதோ?

கடையில். இந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்கிறவரோடு நான் ஓடுவதில்லை. வீதியோரத்தில் ஓர் அம்மா பெரிய சட்டியில் கொலகெந்த வைத்திருப்பார். வல்லாரையோ ஹாத்தாவாரியோ போட்ட பச்சைக் கஞ்சி, கடிக்க ஒரு துண்டு கருப்பட்டி. ஆறு மணிக்குக் காலி வயிற்றில் அது இறங்குகிற சுகமே வேறு. எட்டரை மணிக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும், அல்லது இடியப்பமும் பருப்பும். மீன் பணிஸ் கடைசி வழி.

தண்ணீர் மணித்தியாலத்துக்கு அரை லீற்றராவது. நடுவில் ஒரு தம்பிலி (செவ்விளநீர்). வெயில் கூடின நாளில் ஒரு பக்கெற் ஜீவனி (உப்புச் சர்க்கரைத் தூள்) கரைத்துக் குடியுங்கள், எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். கடையில் காசு ஆளுக்கு ஆள் பிரிக்காதீர்கள். இந்த முறை ஒருவர், அடுத்த முறை இன்னொருவர். கணக்கு எப்படியோ சரிவந்துவிடுகிறது. ஒருவர் மட்டும் எப்போதும் ‘பேர்ஸை மறந்திட்டன்’ என்கிறார், அவரை நாங்கள் சகித்துக்கொள்கிறோம்.

பொம்பிளையள் நாங்கள் நாலு பேர் வர விருப்பம். டொய்லெட் எங்க போறது?

எல்லோருக்கும் வேண்டிய கேள்வி, பெண்கள்தான் வாய் திறந்து கேட்கிறார்கள். பெரிய பெற்றோல் செட், ரயில் நிலையம், காலையில் திறக்கிற பேக்கரி. பாதை போடும்போதே பத்துக் கிலோமீற்றருக்கு ஒன்று குறித்துக்கொள்கிறோம். பௌத்தப் பன்சாலையிலும் தேவாலயத்திலும் மரியாதையாகக் கேட்டால் இல்லை என்று சொன்னவர்கள் இதுவரை இல்லை. தலைமறைப்பு, தொப்பி, செருப்பு கழற்றிவிட்டுக் கேளுங்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் மட்டும் ஓடவேண்டாம்.

உடுப்பு? காற்சட்டை, நீளச் சேட். துப்பட்டாவை வீட்டில் விட்டுவிடுங்கள். செயினில் சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து.

எனக்குச் சிங்களம் அரைகுறை. நாட்டுப்புறத்தில மாட்டுப்பட்டா? ஐடென்டிக் கார்ட் கேப்பினமோ?

இதைக் கேட்கும்போது பலர் குரலைத் தாழ்த்துகிறார்கள். ஏன் என்று எனக்கு விளங்கும். நாங்களும் அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர்கள்தான். அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள், அது எங்கே போனாலும் வேண்டியது. எங்களை இரண்டு முறை மறித்தார்கள். முதல் முறை எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டு, குறுக்குவழி சொல்லி அனுப்பினார்கள். மற்ற முறை பொலிஸ்காரருக்கு எங்கள் லுமாலா எந்த வருஷத்தது என்று தெரியவேண்டியிருந்தது.

மொழிக்குப் பத்துச் சொல் போதும். வமட்ட என்றால் இடப்பக்கம், தகுணட்ட வலப்பக்கம், கெலின்ம நேரே, வதுர தண்ணீர், கீயத எவ்வளவு. ‘லங்கய்’ என்றால் கிட்ட என்று அர்த்தம். இதை மட்டும் நம்பவேண்டாம். கிராமத்து ஐயா ஒருவர் லங்கய் என்று கை காட்டினால் அது அரைக் கிலோமீற்றராகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம்.

நாய் துரத்தினா என்ன செய்யிறது?

வேகம் கூட்டாதீர்கள், அதற்கு அதுதான் விளையாட்டு. நிறுத்தி இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளைப் பிடித்து, அதட்டிப் பேசுங்கள். முக்கால்வாசி நாய்கள் சைக்கிள் நின்றவுடன் என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும். உதைக்கப் போய் விழுந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

கடித்தாலோ கீறினாலோ அது பகிடி இல்லை. உடனே சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காயம் சின்னன் என்று நாளைக்குத் தள்ளிப்போடவேண்டாம்.

வயலுக்குள்ள இறங்கிப் படம் எடுக்கலாமோ? அட்டை கடிக்குமோ?

அட்டை தொந்தரவுதான், ஆபத்து இல்லை. வாகைப் பக்கம் மழைக்குப் பிறகு நிறைய இருக்கும். உப்போ எலுமிச்சம்புளியோ தேய்த்துவிட்டால் கழன்றுவிடும்.

நான் பயப்படுவது எலிக்காய்ச்சலுக்கு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, காயம் உள்ள தோல் வழியாக ஏறுகிற நோய். வயல் வேலை செய்கிறவர்களுக்குச் சுகாதாரப் பரிசோதகர்கள் முன்கூட்டியே மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான். காலில் கீறல் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள், வரம்பில் நின்றே படம் எடுங்கள். போய் வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் தசை நோவும் வந்தால், வயலுக்குப் போனதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அப்புறம், வரம்பு இன்னொருவருடைய சொத்து. நெல்லை மிதித்தால் யாரும் ஏசத்தான் செய்வார்கள்.

மழை வந்தா?

நனைவோம். தூறலுக்குத் திரும்புகிறவர்கள் மேல் மாகாணத்தில் சைக்கிளே ஓடமுடியாது. ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை ஓரளவு உலர்ந்த காலம். மே, ஜூனில் விடாமல் பெய்யும். தார் நனைந்தால் வெள்ளைக் கோடும் மான்ஹோல் மூடியும் சவர்க்காரம் போல வழுக்கும், அவற்றின் மேல் பிரேக் பிடிக்கக்கூடாது.

மின்னல் வேறு விஷயம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடிமழை வழமை. வயல்வெளியில் நீங்கள்தான் உயரமான பொருள். இடி கேட்டவுடன் ஒரு வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ ஒதுங்குங்கள், தனி மரத்தடி வேண்டாம். நாங்கள் காலையில் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பஞ்சர் ஆனா நடுவழியில நிக்கவேண்டியதுதானோ?

வாலிடம் எல்லாம் இருக்கிறது என்று மேலே சொன்னேனே. டயர் கழற்றும் நெம்பி இரண்டு, ஒட்டுத்துண்டு, சொலூஷன், உப்புத்தாள், பம்ப். உங்கள் அளவுக்கு ஒரு டியூப் மட்டும் நீங்களே கொண்டுவாருங்கள், ஏனென்றால் 28 அங்குல லுமாலாவின் டியூப் மற்றவர் சைக்கிளுக்குச் சேராது. வீதியோரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதை விடப் புது டியூப் போட்டுவிட்டு, ஓட்டையை வீட்டில் ஆறுதலாக ஒட்டலாம். பழைய சைக்கிள்காரர், காற்றடிக்கிற வால்கட்டைக்கு ஒரு துண்டு ரப்பர் குழாயும் வைத்திருங்கள். காற்றுப் போனால் பாதி நேரம் பழுது அங்கேதான், டியூபில் இல்லை.

போயா நாளில போகலாமோ?

பௌர்ணமி விடுமுறை என்பதால் வீதி அமைதியாக இருக்கும், நல்ல நாள். ஆனால் சில கடைகள் பூட்டு, பன்சாலைக்கு முன்னால் சனம். வெள்ளை உடுப்போடு நடக்கிறவர்களுக்கு இடையில் மணியடித்துக்கொண்டு புகாதீர்கள், இறங்கி நடங்கள். வெசாக் காலத்தில் பின்னேரம் தன்சல் (இலவசச் சாப்பாட்டுப் பந்தல்) வரிசையில் வாகனங்கள் வீதியை அடைத்துவிடும். அப்போது காலையோடு திரும்பிவிடவேண்டும், அல்லது வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். நாங்கள் செய்தது இரண்டாவது.

எங்கட ஆக்களில ஒருத்தன் எப்பவும் பறந்து முன்னுக்குப் போயிடுவான். சொல்லியும் கேக்கிறானில்லை.

எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு. சண்டை பிடிக்காமல் அவரை வாலாக்கிவிடுங்கள். பம்பும் நெம்பியும் முதலுதவிப் பையும் தோளில் ஏறினால் ஆள் தானாகவே ஆறுதலாகிவிடுவார். பொறுப்புக் கிடைத்த பெருமையும் இருக்கும். எங்கள் ஆள் இப்போது எல்லோருடைய செயினுக்கும் எண்ணெய் போடுகிறார். அதுவும் சரிவராவிட்டால் அவரைத் தனியாகப் போகவிட்டு, தேத்தண்ணிக் கடையில் சந்தியுங்கள். அவர் பார்க்காமல் விட்ட மீன்கொத்தியைப் பற்றி அங்கே கதைக்கலாம்.

பிள்ளையளைக் கூட்டி வரலாமோ?

பன்னிரண்டு வயதுக்கு மேல், தெருவில் நேர்கோட்டில் ஓடத் தெரிந்தால் வரலாம், தலங்கம மட்டும். ஒரு பிள்ளைக்கு முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர். பாரில் வைத்து டபிள் ஏற்றிக்கொண்டு வருவது ஊரில் சரி, கொழும்பு வீதியில் வேண்டாம்.

யாராவது விழுந்து அடிபட்டா?

முதலில் ஆளை வீதியிலிருந்து ஒதுக்குங்கள், சைக்கிளைப் பிறகு பார்க்கலாம். தலையிலோ கழுத்திலோ அடிபட்டிருந்தால் மட்டும் ஆளை அசைக்காமல், இரண்டு பேர் வாகனங்களை மறித்து நில்லுங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பொலிஸ் தேவையென்றால் 119. இடத்தின் பெயர் சொல்லத் தெரியாவிட்டால் போனைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், அவர் நம்மை விடச் சுருக்கமாகச் சொல்வார்.

அடுக்குமாடியில சைக்கிளை எங்க வைக்கிறது? செக்கியூரிட்டி லிஃப்டில ஏத்த விடமாட்டான்.

பின்சில்லில் நிமிர்த்திப் பிடித்தால் லிஃப்டின் மூலைக்குள் அடங்கும். டயரைத் துடைக்கப் பழைய துணி ஒன்று பையில் வைத்திருங்கள். செக்கியூரிட்டி அண்ணைக்குச் சேறுதான் பிரச்சினை, சைக்கிள் இல்லை. திரும்பி வரும்போது அவருக்கு ஒரு தம்பிலி வாங்கி வந்ததிலிருந்து எங்கள் கட்டடத்தில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. கீழே வைப்பதென்றால் பூட்டைச் சில்லோடும் சட்டத்தோடும் சேர்த்துப் போடுங்கள். சில்லை மட்டும் பூட்டிவிட்டுப் போனவருக்குச் சில்லு மட்டும் மிஞ்சியது.

அரைவாசித் தூரத்தில ஏலாமப் போச்செண்டா மற்ற ஆக்களுக்கும் கரைச்சலா இருக்குமே?

வராமல் இருப்பதற்கு எல்லோரும் கடைசியாகச் சொல்கிற காரணம் இது. ஓட்டோவில் சைக்கிளை ஏற்றலாம் என்பது பலருக்குத் தெரியாது. முன்சில்லைக் கழற்றிப் பின்சீற்றில் வைத்து, கயிற்றால் கட்டி, நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். வாலில் வருகிறவர் ஓட்டோக்காரரோடு காசு பேசி ஏற்றிவிட்ட பிறகுதான் மற்றவர்கள் நகர்வார்கள்.

போன வருஷம் ஓர் அங்கிள் பாதுக்கைச் சந்தியில் முழங்கால் பிடித்து இப்படித்தான் திரும்பினார். வழியில் ஓட்டோவை நிறுத்தி ஒரு பலாப்பழமும் இரண்டு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு, எங்களுக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக வெள்ளவத்தைக்கு வந்து, குளித்து, பலாப்பழத்தை வெட்டி வைத்துக்கொண்டு இருந்தார்.